பாறையில் பாதி தூரம்

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இமாச்சலில் இந்தச் சின்ன ஊரில் வெந்நீர் ஊற்று இருப்பதால் குளிரிலும் தினமும் குளிக்கிறேன். ஆப்பிள் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட்டு முடித்த அன்றே மலை சரிந்து சாலை போய்விட்டது. பன்னிரண்டு நாளாக ரிக் வண்டி நகரவில்லை, போனில் டவரும் இல்லை. பயப்படாதே, சாப்பாட்டுக்குக் குறையில்லை.

நேற்று, மலையேற வந்திருந்தவர்கள் பாறையில் கயிறு கட்டி ஆட்களைச் சரிவுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார்கள். நானும் நம் ரிக்கில் வேலை செய்யும் சங்ககிரி ராசுவும் கிளம்பினோம். பாதி தூரத்தில் கீழே ஆற்றைப் பார்த்துவிட்டேன். கால் நகரவில்லை.

"கீழ பாக்காதீங்ணா, கயித்தப் புடிச்சுட்டு வாங்க" என்றான் ராசு.

"என்னால ஆவாது சாமி, நீ போ" என்றேன்.

அவனும் என்னோடு திரும்பி வந்துவிட்டான். "உங்கள உட்டுட்டுப் போனா அண்ணிகிட்ட என்னங்ணா சொல்றது?" என்று கேட்டான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்று இந்தக் கடிதத்தைக் கொடுத்து அவனைக் கட்டாயப்படுத்தி அனுப்புகிறேன். அவன்மேல் கோபப்படாதே.

சாலை சரியாவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். ஆஸ்பத்திரிக்கு உன் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். குழந்தை அழுகிற சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பி வை. டவர் வந்ததும் கேட்டுக்கொள்கிறேன். தினமும் டவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராசுவைக் கூப்பிடுகிறார்கள். பெயர் வைக்க எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உன்,
அறிவழகன்