மங்கிய கிளாஸ்

செவ்வாய், இரவு.

இன்று வீட்டில் ஜெபக்கூட்டம். டிஷ்வாஷரில் கழுவி எடுத்த கண்ணாடி கிளாஸ் எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. வந்தவர்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் டீயை வாங்கினாள். என் மனைவி லில்லி அதைப் பார்த்துவிட்டாள்.

மிஷினுக்கான உப்பு தீர்ந்ததால், கருவாட்டுக்கு வைத்திருந்த கல்லுப்பை அள்ளிப் போட்டிருந்தேன். பளபளப்புக்கு ஊற்றும் திரவமும் காலி. விஷயத்தைச் சொன்னதும் மகள் துபாயிலிருந்து போனில் கத்தினாள்.

"அப்பா, அதுக்க உப்பு வேற ஆக்கும்! அம்மைக்கு கை வய்யாண்டுதானே மிஷின் வாங்கித் தந்தேன்?"

எல்லோரும் போனபின் லில்லி கிளாஸ்களைப் புளி போட்டு இடது கையாலேயே தேய்த்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை எழும்புவதில்லை. ஒன்றைக் கழுவி விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"இன்னும் மங்கலு உண்டுல்லா?"

வாங்கிப் பார்த்தேன். கிளாஸ் பளிச்சென்று இருந்தது. பக்கவாதத்தால் பார்வையும் மங்கலாம், அவள் கண்ணையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

"உண்டு," என்றேன். "உப்புக்க குற்றம்."

நிம்மதியாகத் தூங்குகிறாள். விடிந்ததும் உப்பு வாங்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அவளை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.