எடுத்த இடம், விட்ட இடம்

4.2.62

பூச்சாடி உடைந்துவிட்டது. வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் வந்து, மேசையோடு சாய்த்துவிட்டுப் போய்விட்டது. எட்டு வருடமாகக் கிளிநொச்சியில் நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் அந்தச் சாடி நிற்கிறது. இந்த ஊரில் அதற்கு இருக்கிற அளவு சொந்தக்காரர் வேறு யாருக்கும் இல்லை.

புதிது வாங்க யாழ்ப்பாணம் போகவேண்டும். போக மனமில்லை.

7.2.62

சாடி இல்லையென்று ஒருவர் படம் எடுக்காமல் திரும்பிப் போனார். "வெறும் சுவரோடயோ நிக்கிறது?" என்று கேட்டார்.

வெறும் என்ற சொல்லுக்கே எங்கள் சனம் பயம். வெறும் கழுத்து, வெறும் நெற்றி, வெறும் வீடு. படத்திலும் அதே பயம்தான். மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுக்கக்கூடாதென்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையை இரவல் வாங்கி வந்து நாலாவதாக நிறுத்துகிற சனம். நானும் லேசுப்பட்டவன் இல்லை. எங்கே கொஞ்சம் இடம் தெரிந்தாலும் சாடி, திரை, கதிரை என்று எதையாவது இழுத்து வைத்து அடைத்துவிடுவேன்.

11.2.62

கண்டாவளையிலிருந்து வீரகத்தி வந்தார், மூத்த மகள் விமலேஸ்வரியோடு. கலியாணப் பேச்சுக்குப் படம் வேண்டுமாம். வடமராட்சியிலிருந்து குடியேற்றத்துக்கு வந்து வயல் செய்கிறவர். வீட்டில் ஒன்பது பேர், இரண்டு அறை. பெண்ணுக்கு இருபத்தேழு வயது, மூன்று இடம் பேசித் தவறிவிட்டது. ஒன்றும் நான் கேட்கவில்லை. மகளை வைத்துக்கொண்டே அவராகச் சொன்னார். அவள் தலை குனியவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவர் பெரிதாக. ஓரத்தில் கதிரையில் அவள். வழக்கம்போல நடுவுக்கு வரச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அவள் பார்க்கிற பக்கம் முழுக்க வெளி. அந்தப் பார்வை போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. நடுவில் இருத்தியிருந்தால் பார்வை சட்டத்தில் முட்டி நின்றிருக்கும். அப்படியே எடுத்தேன்.

இது எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தானா விளங்கவேண்டும்? அதுவும் ஓர் ஆடு வந்து படிப்பிக்க வேண்டியிருந்தது.

15.2.62

வீரகத்தி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, பாதிப் படம் சுவராக் கிடக்கு. அதை வெட்டிப்போட்டுத் தாருமன்."

"வெட்டினால் படம் செத்துப்போம் அண்ணை."

மகள் அதை வாங்கிக் கனநேரம் பார்த்தாள். "விடுங்கோ அப்பா. மூச்சு விடலாம் போல கிடக்கு" என்றாள்.

வெட்டாமல் கொடுத்துவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானம் இரண்டு கோப்பை சோறு தின்றேன்.

26.2.62

படம் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறதென்று இன்றுதான் தெரிந்தது. உருத்திரபுரத்து நடராசா வீடு. மாப்பிள்ளை பாலன், நடராசாவின் தம்பி மகன், ஓவசியர் வேலை. தகப்பன் இல்லாதபடியால் பெரியப்பர் சொல்வதுதான் சட்டம். சாதகம் நன்றாகப் பொருந்திவிட்டதாம். வீரகத்தி சந்தியில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

நடராசா என்ற பெயரைக் கேட்டதும் என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. பார்ப்போம்.

9.3.62

வீரகத்தி படத்தை மேசையில் எறிந்தார். அந்த மனிதர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பக்கத்தில ஆர் நிண்டது எண்டு நடராசா வீட்டார் கேக்கினம். பிள்ளை முந்தி ஒருத்தனோட நிண்டு எடுத்த படமாம். நீர் அவனை எடுத்துப்போட்டுத் தந்திருக்கிறீராம். எங்கட வீட்டை வந்து, அவளுக்கு முன்னால வைச்சுக் கேக்கினம்!"

"ஒருத்தரும் நிக்கேல்லை அண்ணை. உங்களுக்கு முன்னாலதானே எடுத்தனான்."

"எனக்குத் தெரியும். என்னை ஆர் நம்பினம்? பெத்தவன் வேற என்னத்தைச் சொல்லுவான்?"

பிறகு சத்தம் இறங்கிவிட்டது. "வெட்டித் தாரும் எண்டு கேட்டனானெல்லே தம்பி."

கேட்டவர். கேட்டவர்தான். நான்தான் பெரிய கலைக்காரன் மாதிரி—

அதே நாள், பின்னேரம்

ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று நடராசாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று கொடுக்கவில்லை.

போன வருடம் தையில் நடராசாவின் குடும்பத்தைப் படம் எடுத்தேன். அவரும் மனைவி அன்னபாக்கியமும் கதிரையில். பிள்ளைகள் பின்னால். மூத்தவள் பத்மாசனி தாயின் இடது தோளில் கை வைத்தபடி நின்றாள். ஆடி மாதம் அவள் புளியங்குளத்து லொறிச் சாரதி ஒருவனோடு போய்விட்டாள். ஆவணியில் நடராசா தனியே வந்தார். வீட்டில் இருந்த பிரதிகளை எரித்துவிட்டாராம். "அவளை எடுத்துவிடும்" என்றார்.

படம் எடுப்பது என்கிறோம். ஆளை எடுப்பது என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். இதுவரை எனக்கு உறைத்ததில்லை.

பின்னால் கறுப்புத் திரை. கண்ணாடி நெகட்டிவில் ஆளைக் கத்தியால் சுரண்டினால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும், திரையோடு திரையாகிவிடும். அரை நாள் வேலை. முகம், கழுத்து, பின்னல். தோளில் இருந்த நாலு விரலை மட்டும் சுரண்ட முடியவில்லை. சுரண்டினால் தாயின் சேலையும் போய்விடும். விரல்களுக்கு இடையில் இருந்த வெளியைப் பென்சிலால் நிரப்பி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சேலை மடிப்பாக்கினேன்.

இப்படி வேறு ஐந்தாறு பேருக்கும் செய்திருக்கிறேன். தில்லைநாதன் கை வைத்தால் தடம் தெரியாது என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது, பொய் சொல்வானேன்?

நடராசா ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைக் கண்டால் வேறென்ன நினைப்பார்? கள்ளன் பிறரை நம்பான் என்பார்கள். கள்ளனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்தவன் நான். இத்தனை பொய் வெளியைச் செய்து விற்றவன் ஒரு மெய் வெளியைக் காட்டினால் யார் நம்புவது?

10.3.62

வேலை ஓடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14.3.62

விமலேஸ்வரி தங்கச்சியோடு பஸ்ஸில் வந்தாள். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"உங்களிட்ட என்ரை படம் விழுந்த அந்தக் கண்ணாடி இருக்குதெல்லே?"

"இருக்குது பிள்ளை."

"கை வைச்சிருந்தால் அதில தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப கொண்டுபோய்க் காட்டுங்கோ. கலியாணம் நடக்கவேணும் எண்டு கேக்கேல்லை. நான் அப்பிடி ஒருத்தரோட நிண்டு படம் எடுக்கேல்லை எண்டு அவைக்குத் தெரியவேணும். எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சிமார் இருக்கினம்."

நடராசா ஏன் சந்தேகப்படுகிறார் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

16.3.62

நாளைக்குப் போகவேண்டும். நேற்றும் இதைத்தான் நினைத்தேன்.

18.3.62

போனேன். கண்ணாடியைத் துவாயில் சுற்றி, சைக்கிளில் ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

நடராசா முற்றத்தில் சாக்குகளுக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. உள்ளே கூட்டிப் போனார். "எனக்குக் கறுப்பாக்கித் தந்தீர். அவைக்கு வெள்ளையாக்கிக் குடுத்திருக்கிறீர்."

"வெள்ளையாக்கிறதெண்டால் கண்ணாடியில மை பூசவேணும் அண்ணை. தடவிப் பாருங்கோ."

தடவினார். வெளிச்சத்தில் பிடித்தார். "உம்மட கை வைச்ச தடம் தெரியாது எண்டு நீர்தானே எனக்குச் சொன்னனீர்?"

நுணலும் தன் வாயால் கெடும்.

குசினி வாசலில் அன்னபாக்கியம் அக்கா நின்றதை அப்போதுதான் கண்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, விமலேஸ்வரியின் படத்தை வாங்கினா. கனநேரம் பார்த்தா. பிறகு சுவரில் தொங்கிய குடும்பப் படத்தைக் கழற்றி எடுத்து வந்து, தன் தோளில் இருந்த மடிப்பின்மேல் விரலை வைத்தா.

"இந்த மடிப்பு நான் உடுத்தினதில்லை" என்றா.

எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஆள் இருந்த இடம் எனக்குத் தெரியும். ஏழு மாசமா அதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன். இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில இருக்கிறது சும்மா இடம். அதில ஒருத்தரும் நிக்கேல்லை."

இதை என்னிடம் சொல்லவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னா. நடராசா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அவர் போனபிறகு அக்கா கேட்டா: "அவளின்ரை படம் வேற ஒண்டும் உங்களிட்ட இல்லையோ?"

"இல்லை அக்கா."

"சுரண்டினது திரும்பி வராதோ?"

"வராது அக்கா."

"இதுக்குக் கீழ விரல் கிடக்குதெல்லே?"

அவவுக்குத் தெரிந்திருக்கிறது. கை வைத்த இடம் அவவின் தோள் அல்லவா.

"கிடக்குது. பென்சிலை அழிச்சால் வரும்."

"அழியுங்கோ."

21.3.62

டர்ப்பண்டைன் எண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பென்சிலால் செய்த மடிப்பு ஐந்து நிமிடத்தில் அழிந்தது. விரல்களுக்கு நடுவே வெளி திரும்பி வந்தது. வெளி வந்ததும் விரல்கள் வந்துவிட்டன. நாலு விரல், பெருவிரலுக்கு அடுத்ததில் ஒரு மோதிரம். மோதிரத்தை எனக்கு ஞாபகமே இல்லை.

முகம் இல்லை, கை இல்லை. இருட்டிலிருந்து நாலு விரல் வந்து ஒரு தாயின் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரதி போட்டுப் பார்த்துவிட்டு இருட்டறைக்குள்ளேயே இருந்து அழுதேன். நான் செய்தது. வேறு யாரும் இல்லை, நான்.

கத்தியை வாய்க்காலில் போட்டுவிட்டேன். இனி இந்த வேலைக்கு ஒருத்தரும் என்னிடம் வரவேண்டாம்.

3.4.62

வீரகத்தி வந்தார். அன்னபாக்கியம் அக்கா தானே கண்டாவளைக்குப் போய், விமலேஸ்வரியின் கையைப் பிடித்து, "பிழையாக் கேட்டுப்போட்டம் பிள்ளை" என்றாவாம். நடராசா வாசலில் நின்றாராம், உள்ளே வரவில்லையாம். பாலன் தனியே இரண்டு தரம் வந்து கேட்டிருக்கிறான். விமலேஸ்வரி நாலு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றாளாம்.

வைகாசியில் கலியாணம். "படம் நீர்தான் எடுக்கவேணும்" என்றார் வீரகத்தி. "சுவர் இல்லாமல்" என்றும் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம்.

3.6.62

கண்டாவளை. தாலி கட்டி முடிந்து, பந்தலுக்கு முன்னால் குடும்பப் படம். நல்ல வெளிச்சம். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், நடராசாவும் அன்னபாக்கியம் அக்காவும் வலது பக்கத்தில்.

"நெருங்கி நில்லுங்கோ, நெருங்கி நில்லுங்கோ" என்று பழக்கதோஷத்தில் கத்திக்கொண்டிருந்தேன். எல்லாரும் நெருங்கினார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. அவவுக்கு இடது பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். யாரோ ஒரு பெண் அதில் வந்து நிற்கப் பார்த்தா. அக்கா கையை நீட்டி மறித்தா.

சனம் எல்லாம் அதைப் பார்த்தது. விமலேஸ்வரியும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டதென்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு முன்னால் திரும்பினாள்.

நான் நடராசாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "விடும். அந்த இடம் கிடக்கட்டும்" என்றார்.

எடுத்தேன்.

நான் முக்காலியை மடிக்கும்போது கிட்ட வந்தார். "ஆரும் கேட்டால் ஆளை எடுத்தது எண்டு சொல்லாதையும் தம்பி. இடம் விட்டது எண்டு சொல்லும்."

9.6.62

கலியாணப் படம் நன்றாக வந்திருக்கிறது. உறையில் வைத்து, மேலே பெரிதாக எழுதினேன்: வெட்டக்கூடாது.

நடராசாவுக்கு இரண்டு பிரதி போட்டேன். ஒன்று உருத்திரபுரத்துக்கு. மற்றதைப் புளியங்குளத்துக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி நடராசா மகளின் விலாசம் எழுதித் தந்திருக்கிறார்.