ஆண்டு ஆயிரத்து இருநூற்று ஒன்று

1201 ஆவணி 12, வியாழன்

ஓணம் நெருங்கிவிட்டது. தோவாளைப் பூச்சந்தையில் கால் வைக்க இடமில்லை. நாற்பது வருடமாக யாருக்கு என்ன பூ என்று நான் சீட்டில் எழுதியதில்லை. எல்லாம் தலைக்குள். இன்று ஒருவருக்குப் பிச்சிக்குப் பதில் மல்லியைக் கட்டிவிட்டேனாம். கடையில் நிற்கும் பேபி வந்து சொன்னாள். இந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் தவறாது?

மதியம் நாகர்கோவில் போய் ஞானத்துக்கு ஒரு சேலை எடுத்தேன். கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. இந்த நிறத்தில் அவளிடம் ஒன்றுமில்லை. விரித்துப் பார்த்துவிட்டு, "கரை நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடம். என் பெண்டாட்டி வாயிலிருந்து ஒரு புகழ்ச்சி வர இன்னும் கூலி கொடுக்க வேண்டும் போல.

ஆவணி 21, சனி

ஓண வியாபாரம் முடிந்தது. பூ ஒரு கிள்ளு மிச்சமில்லை. முட்டு வலி.

புரட்டாசி 4, சனி

மூக்குக் கண்ணாடி மாற்ற நாகர்கோவில் போன இடத்தில் ஞானத்துக்கு ஒரு சேலை எடுத்தேன். கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. இந்த நிறத்தில் அவளிடம் ஒன்றுமில்லை.

"கரை நல்லா இருக்கு" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இப்போதெல்லாம் அவளுக்கு எதிலும் ஒரு சந்தோஷமில்லை. பாட்டு கேட்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குக் கும்பிட வருவதில்லை. வயதாகிறது அவளுக்கு.

கண்ணாடி மாற்ற மறந்துபோனேன்.

புரட்டாசி 13, திங்கள்

எழுதியே தீரவேண்டும்.

பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அறுபது தாண்டிய எல்லாருக்கும் ஞாபகம் பார்க்கிறார்களாம். நர்ஸ் புதிது, தர்மபுரிப் பக்கத்துப் பெண். ஐந்து சொல் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள், "இது எந்த வருஷம் ஐயா?"

"ஆயிரத்து இருநூத்தி ஒண்ணு."

அவள் பேனாவை நிறுத்தினாள். கொல்லவருடம், மலையாளக் கணக்கு, அம்மா! அப்பா காலம் தொட்டு எங்கள் வீட்டிலும் தாங்கலிலும் அந்தக் கணக்குதான். சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் வருடம் சொல்லுங்கள் என்றாள். கோபத்தில் எனக்கு வரவில்லை. கோபத்தில்தான்.

நர்ஸ் ஞானத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படி ஒரு வருஷம் இருக்காம்மா?"

ஞானத்துக்குத் தெரியாதா? அவள் பிறந்ததே 1137 என்று சொல்லித்தானே என் வீட்டில் சம்பந்தம் பேசினார்கள்! தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை.

ஐந்து சொல்லில் இரண்டு சொன்னேன். கடல், மஞ்சள்.

பிறகு என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார்கள். பேச்சு கேட்கவில்லை, அழுகை கேட்டது. பிறகு கையில் தந்த என் சீட்டை வாசித்துப் பார்த்தேன். "இரண்டு வருடமாக மறதி. மனைவி கூறியது."

இரண்டு வருடம்! இரண்டு வருடமாக என்னிடம் சொல்லாததை, நேற்று வந்த ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். கடையில் எவனாவது இதைச் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தில் படுக்கிறவள் செய்தால் அதற்கு ஒரே பெயர்தான். துரோகம்.

புரட்டாசி 14

சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஏட்டி, ஒனக்கு நான் என்ன செய்தேன்?

புரட்டாசி 16, வியாழன்

எனக்கு மறதி இல்லை என்று காட்ட என்னிடம் சாட்சி இருக்கிறது. இந்த நோட்டு. ஒரு நாள் விடாமல் படித்து அவள் முகத்தில் எறிய வேண்டும் என்று காலையில் உட்கார்ந்தேன்.

ஆவணி 12. புரட்டாசி 4.

இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். போன நோட்டையும் எடுத்தேன். 1200 ஆனி 6: "ஞானத்துக்கு ஒரு சேலை எடுத்தேன். கத்தரிப்பூ நிறம்." அன்று அவள் சிரித்து, உடனே கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து. நடுச்சேலைக்குள் திங்கட்கிழமை தேதியிட்ட இன்னொரு ஆஸ்பத்திரிச் சீட்டு. ஞானம், வயது 63. மனச்சோர்வு, மறுபடியும் வரவும். அன்று உள்ளே கேட்ட அழுகை என்னைப் பற்றியது மட்டுமில்லை.

அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"வருஷம் சரிதான்னு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ஒங்கள தோக்கடிக்கவா வாய மூடிட்டு இருந்தேன்? அதையும் சரின்னு சொன்னா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு பிரஷர் மாத்திரைய தந்து வீட்டுக்கு அனுப்பிருவாவ. பிறகு ஒத்தைக்கு நான் எத்தன நாளு நடிக்க?"

கோபம் போகவில்லை. பொய் எழுத மாட்டேன். ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. என் தலையே எனக்குச் செய்ததை நான் எங்கே போய்ச் சொல்ல?

ஐப்பசி 10, திங்கள்

நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். ஆரம்பம்தானாம். மாத்திரை எனக்கு ஒன்று, ஞானத்துக்கு வேறொன்று. அவள் வாரம் ஒருமுறை வந்து டாக்டரிடம் பேசவும் வேண்டும். கடையில் பூச்சீட்டை இப்போது பேபி எழுதுகிறாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

போன வாரம் தர்மபுரிப் பெண் மறுபடி கேட்டாள். "கொல்லத்துலயே சொல்லுங்க ஐயா." சொன்னேன். சரி போட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸுக்கு நடந்து வரும்போது ஒரு ஜவுளிக்கடை. கண்ணாடிக்குள் ஒரு சேலை தொங்கியது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. இந்த நிறத்தில் அவளிடம் ஒன்றுமில்லையே என்று படியில் கால் வைத்தேன்.

ஞானம் என் கையைப் பிடித்தாள்.

"எடுத்தாச்சு" என்றாள். "மூணு இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டியிருந்ததும் அதுதான்.