மேல்படியில் இருந்த உங்களுக்கு

அண்ணை,

பக்கத்து வீட்டு டெனிஷ்காரன் புல்லை வெட்டிப்போட்டு அள்ளாமல் விட்டிட்டான். டென்மார்க்கில், எங்கள் கிரின்ஸ்டெட்டில் அபூர்வமாய் அடிக்கிற வெயிலில் அது காய்ந்து மணக்கிறது. அந்த மணத்தோடு இத்தாலி ஞாபகம் வந்துவிட்டது, கூடவே எரிச்சலும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் மொழி படிக்கப் போன டெனிஷ் வகுப்புச் சுவரில் தொங்கிய ஒரு படத்தை நீங்கள் மாதக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்: இத்தாலி நாட்டுப்புறத்தில் ஒரு குன்று, அதில் அரைவட்டமாய் இடிந்த கற்படிகள், பழங்காலத்து நாடக அரங்கு. கீழே நின்று ஒருவர் குசுகுசுத்தால் மேல்படியில் இருப்பவருக்குக் கேட்குமாம் என்று ரீச்சர் சொன்னா. "உண்மையோ எண்டு ஒருக்கால் பாக்க வேணும்" என்றீர்கள். வேறெதற்கும் நீங்கள் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

கார் என்னுடையது, ஆகவே தலைமையும் நான்தான். வழியெல்லாம் ஐந்து நாட்டுப் பொலிஸ் எனக்குச் சலாம் போட்டது. நீங்கள் இருந்தால், "ஒரு பொலிஸ்தான், அவனும் தண்டம் எழுதினவன்" என்று திருத்துவீர்கள்.

பழைய ஊர்களை ஒவ்வொன்றாய் ஆறுதலாய்ப் பார்ப்பது உங்கள் திட்டம். நானோ பெருமைக்கு ஜேர்மனி, சுவிஸில் இருந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னமே கடிதம் போட்டிருந்தேன். பிறகென்ன? ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற வீட்டைக் கடந்து போகலாமோ? கோழிக்கறி, புட்டு, "படுத்தெழும்பிப் போங்கோ". பதினான்கு நாள் லீவில் பத்து நாள் கரைந்தது.

"தம்பி, நாங்கள் இத்தாலி பாக்கப் போறமோ, கலியாணத்துக்குச் சொல்லப் போறமோ?" என்றீர்கள்.

இடிந்த மதில்களும் தூண்களும் கார்க் கண்ணாடியில் ஓடி மறைந்தன. காய்ந்த புல் மணத்த அந்தக் குன்றுக்குப் போய்ச் சேரும்போது, அரங்கைப் பூட்டக் கால் மணித்தியாலம்தான் மிச்சம். நோகிற முழங்காலோடு மேல்படிவரை ஏறி இருந்து கையசைத்தீர்கள். நான் நடுவில் நின்று மெதுவாய் ஒரு சொல் சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அந்த நேரம் பார்த்து இரண்டு வெள்ளைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார்கள். ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? எங்கள் அரசர்கள் இதைவிடப் பெரிய அரங்கு கட்டினவர்கள், அதில் ஆயிரம் யானை நிற்கும் என்று அரைகுறை இங்கிலீசில் முழங்கினேன். யானைகள் முடிய முன்னம் காவலாளி விசில் ஊதிவிட்டான்.

இறங்கி வந்தீர்கள். "உன்ரை சத்தம் டென்மார்க்கிலையே கேக்கும். மெதுவாக் கதை எண்டுதானே கேட்டனான்?"

"நாளைக்கு வருவம் அண்ணை."

"நாளைக்குத் திரும்பி வெளிக்கிடாட்டி வேலை போயிடும். காரை எடு."

அதற்குப் பிறகு ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம், எனக்கு ஆறியிருக்கும். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளினோம். முதலில் முழங்கால் விடவில்லை, பிறகு நெஞ்சு.

ஊருக்கெல்லாம் நான் சொன்னது வேறு கதை: குசுகுசுத்தேனாம், நீங்கள் எழும்பிக் கைதட்டினீர்களாம். பக்கத்தில் இருந்து கேட்டும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் கிரியையன்று உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, என்னைக் குசினிக்குள் தனியக் கூப்பிட்டா. "தம்பி, பகிடி விடாமல் சொல்லு. அவருக்கு அங்கை உண்மையாக் கேட்டதோ?"

"ஓம் அக்கா. கேட்டது."

அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினா.

வாழ்நாளில் நான் எத்தனை கதை அளந்திருப்பேன்! ஆரும் சிரிக்காமல் நம்பினது அது ஒன்றுதான், அண்ணை. அதைப் பெரிதாக்கவும் முடியவில்லை, இறக்கி வைக்கவும் முடியவில்லை.