வாணலியில் எழுந்த வாசனை

என்னங்க,

சோறு குக்கரில் இருக்கிறது. கணவாய்க் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சிலிண்டர்காரர் வருவார், காலியானதை வாசலில் எடுத்து வையுங்கள். நானும் ஹுமாவும் அரிமளத்துக்கு, எங்க வீட்டுக்குப் போகிறோம். கோபத்தில் இல்லை.

ஹுமாவைப் பெற்ற ராஹிலா அக்காவின் அத்தர் வாசனை அலமாரியை விட்டுப் போகவில்லையென்று, கல்யாணமான புதிதில் நான்தான் சண்டை போட்டேன். நீங்களும் உங்க கரிக் கம்பெனியிலிருந்து தேங்காய்ச் சிரட்டைக்கரி கொண்டுவந்து, துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டீர்கள். மூன்றே நாளில் வாசனை போய்விட்டது. "கரி அதை அழிக்கல பாசிலா. தன்மேல ஒட்ட வச்சிருக்கு. சூடு பண்ணுனா விட்டுரும்" என்றீர்கள். நான் காதில் வாங்கவில்லை.

கரி மறுபடி உதவட்டுமேயென்று இன்று காலை அதை வாணலியில் போட்டுச் சூடாக்கினேன். முதலில் ஈரத்துணி வாடை வந்தது. பிறகு அந்த அத்தர், அடுப்படி முழுக்க. தூங்கிக்கொண்டிருந்த ஹுமா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டியா?" என்று கேட்டாள். பெற்றவள் மவுத்தாகிக் கண்மூடியபோது ஹுமா பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லையே!

அடுப்பை அணைத்தும் வாசனை போகவில்லை. என்னால் இங்கே தனியாக இருக்க முடியவில்லை. கரியை டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். கொட்டிவிடாதீர்கள்.

பாசிலா

பி.கு.: செருப்பு மாட்டிக்கொண்டே ஹுமா கேட்கிறாள்: "சின்னம்மா, அம்மாவும் வருதாம். கூட்டிட்டுப் போலாமா?"

வரச் சொல்லு என்றேன்.