உறைந்த ஏரியில் நான் வைத்த தேசிக்காய்

இஞ்சாருங்கோ, என் குகனின் அப்பா,

சுகமா என்று நான் கேட்கவில்லை. போன இடத்தில் முழங்கால் நோவும் இராது, மாரிக் குளிருக்கு மூன்று காற்சட்டை போடுகிற வேலையும் இராது. நீங்கள் சுகம்தான். இரண்டு வருஷமாக வாசல் பனி தள்ளுகிறது நான்.

வழக்கமாக உங்களுடைய படத்துக்கு முன்னால் நின்று சொல்லுகிற கதையை இந்த முறை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். காரணம் இருக்கிறது. உங்களைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் நான் சொல்லித் திரிந்தது பிழை. நாலு பேருக்கு முன்னால் சொன்னதை வீட்டுக்குள் இருந்து திருத்த முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்துவார்கள். மற்றப் பிழையை நான்தான் திருத்த வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டுமே. மொன்றியல் செயின்ட்-லோரன்டில் கதவு செய்கிற தொழிற்சாலையில் உங்களோடு வேலை செய்த ரெஜான், தன்னுடைய பழைய ஸ்நோமொபைலை உங்கள் தலையில் கட்டினான். மஞ்சள் நிற வண்டி. சில்லு சக்கரம் ஒன்றும் இல்லை. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் ஆணி அடித்த ரப்பர் பட்டி. அந்தப் பட்டி சுற்றினால் வண்டி ஓடும். பெப்ரவரி வந்தால் ரெஜானின் வீட்டுக்கு முன்னால் ஏரி கல்லாக உறைந்துவிடும். அவன் ஐசில் துளை போட்டு, கை முழத்தால் தடிப்பை அளந்து, "பொன்", பிரெஞ்சில் நல்லது, என்று தலையாட்டினால், அவனுடைய மனைவி சிவப்புத் துவாயை விழுத்துவாள், பந்தயம் தொடங்கும். இரண்டிரண்டு வண்டியாக இருநூறு மீற்றர். பரிசு என்று ஒன்றும் இல்லை. வென்றவருக்கு முதல் கோப்பை சூப், அவ்வளவுதான்.

ஏழு மாரி நீங்கள் ரெஜானோடு ஓடினீர்கள். ஏழு தரமும் தோற்றீர்கள். ஒருநாளாவது முதல் சூப் குடித்தீர்களா?

நானும் சும்மா இருந்தேனா? கோவிலில் மரக்கறி வெட்டுகிற இடத்தில், "எங்கடை மனுசன் வண்டி ஓடேல்லை, வண்டிதான் அவரை ஓட்டுது" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். கலியாண வீடுகளில் சொன்னேன். டொரொண்டோவில் இருக்கிற என் தம்பி உங்களுக்குப் "பின்சில்லு அத்தான்" என்று பெயர் வைத்தான். நான் அவனை ஏசவில்லை, விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். "ஐஸ் வழுக்கிப்போச்சு" என்று மட்டும் சொல்லுவீர்கள்.

சரி, இனிப் புதுச் செய்தி. வண்டி லவாலில் குகனுடைய கராஜில்தான் நிற்கிறது. நிற்கிறதோ போகிறதோ என்பதுதான் இந்த மாரி முழுக்க வீட்டில் சண்டை.

"அம்மா, உது கராஜுக்கை சொகுசாய் நிக்குது. என்ரை கார் வெளியிலை பனியுக்கை நிக்குது. நான் ஒவ்வொரு விடியவும் கண்ணாடி சுரண்டுறன்," என்றான் குகன். "ஆரும் ஓடாத வண்டி. விப்பம்."

"ஆர் சொன்னது ஓடாதெண்டு?" என்று எழும்பினாள் அவனுடைய மகள் மதுரா. "அப்பா, ஒரே ஒரு ரேஸ். நான் ரெஜானை வெண்டா வண்டி நிக்கும். தோத்தா நானே படம் எடுத்து விளம்பரம் போடுறன்."

குகன் சிரித்தான். "அப்பப்பா ஏழு தரம் தோத்த வண்டியிலை நீ வெல்லப் போறியோ? சரி, போய் ஓடு." அன்றைக்கே விளம்பரத்தையும் எழுதிப் போனில் வைத்துவிட்டான். உங்கள் மகன்தானே, முன்யோசனை.

உங்களுடைய சட்டை எல்லாம் கொடுத்தாயிற்று, தொழிற்சாலைச் சப்பாத்தும் கொடுத்தாயிற்று. அந்த வண்டி இருக்கையில் மட்டும்தான் இன்னும் நீங்கள் இருந்த பள்ளம் இருக்கிறது. அதை யாரோ ஒருவன் பெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை நான் பார்க்க வேண்டுமா?

ஆனால் மதுராவை நீங்கள் இப்போது பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இயந்திரம் பற்றிப் படிக்கிறாள். வகுப்பில் அவள்தான் திறம் என்று நான் சொல்லவில்லை, பேராசிரியர் சொன்னவராம் என்று அவளே சொன்னாள். வண்டியைக் குப்புறப் போட்டு, பட்டியில் தேய்ந்த ஆணி எல்லாவற்றையும் கழற்றிப் புது ஆணி பூட்டினாள்.

"அப்பம்மா, இஞ்சின் பெரிசெண்டா காணாது. பிடி வேணும். மேலை தூள் பனி, கீழை ஐஸ். தூளிலை சுத்தினா பட்டி சும்மா சுத்தும். ஆணி ஐசைக் கடிக்க வேணும்."

"திருவலைப் பல்லுத் தேங்காயைப் பிடிக்கிற மாதிரியோ?"

"ஓம், அதே மாதிரி. எடுத்த எடுப்பிலை விசையை முழுக்க அமத்தினா வழுக்கும். ஆளும் பின்னுக்குச் சரிஞ்சு இருக்க வேணும். பாரம் பட்டியிலை விழுந்தாத்தான் பிடிக்கும்."

எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் பின்னால் நான் செய்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் பழகிப் பார்க்க ஏரிக்குப் போனோம். ஓடுபாதையில் கிடந்த தூள் பனியை நானும் அவளும் சவளால் தள்ளினோம். மதுரா மூன்று தரம் ஓடினாள். மூன்று தரமும் நூல் பிடித்த மாதிரி நேரே போனாள். நான் ரெஜானின் குசினியில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு யன்னலால் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. பிள்ளை தேசிக்காய் வைக்காமல் ஓடுகிறாள்!

முதல் வருஷமே நீங்கள் சொன்னீர்கள், "இது காரில்லையப்பா, தேசிக்காய் வேண்டாம்" என்று. நீங்கள் சொன்னால் நான் கேட்கிறவளா? கோவிலில் புதுக் காருக்கு நாலு சில்லுக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துத்தானே எடுக்கிறோம். காருக்கு உள்ள கண்ணூறு இதுக்கு இல்லையா? ஒவ்வொரு வருஷமும் சிவப்புத் துவாய் விழுவதற்குச் சற்று முன்னால், சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரிக் குனிந்து, பட்டிக்குக் கீழே வைத்துவிடுவேன். முதல் வருஷம் ஒன்று. தோற்றீர்கள். கண்ணூறு பொல்லாததாக்கும் என்று அடுத்த வருஷம் இரண்டு வைத்தேன். இன்னும் கூடத் தோற்றீர்கள். அப்போ பழம் காணாது என்றுதானே நினைப்பேன்? வருஷத்துக்கு ஒன்று கூட்டினேன். கடைசி வருஷம் ஏழு. அந்த வருஷம் வண்டி முழுதாகத் திரும்பி ரெஜானின் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கும் போய் நாலு பழம் வைத்தேன். மதுரா நாலாம் தரம் அமத்தினாள். வண்டி பின்பக்கத்தை நெளித்தது, பக்கவாட்டில் போனது, பனிக் குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. "பழம்தான் காப்பாற்றியது" என்று கை எடுத்துக் கும்பிட்டேன்.

அவள் பட்டி ஐசைப் பிடிக்கிற விதத்தைப் பார்க்க, போனைப் பக்கத்தில் பனிக்குள் குத்திப் படம் பிடித்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. குசினி மேசையில் வைத்து மெதுவாக ஓட விட்டாள். நான், ரெஜான், அவனுடைய மனைவி, எல்லோரும் எட்டிப் பார்க்கிறோம். மஞ்சள் வண்டி நிற்கிறது. திரையின் ஓரத்தில் இருந்து மெல்ல மெல்ல ஒரு ஊதாக் கையுறை வருகிறது.

"அப்பம்மா, இது ஆரின்ரை கை?"

"எங்கை பிள்ளை, எனக்குக் கண் சரியாய்த் தெரியேல்லை."

"கையுறை உங்கடை மடியிலை கிடக்கு, அப்பம்மா."

பிறகு படம் சொன்னது. காலைக் குளிரில், வெளியில் கொளுவியிருந்த என் குளிர்ச்சட்டைப் பையிலேயே பழம் கல்லாகிவிட்டது. நசியவில்லை. பட்டி அதன் மேல் ஏறுகிறது, ஆணி எல்லாம் ஐசை விட்டு ஒரு விரல் உயரத்தில் அந்தரத்தில் சுற்றுகிறது, பழம் நாலும் போளைக் குண்டு மாதிரி உருள்கிறது, வண்டி அதன் மேல் வழுக்குகிறது. நான் விரல் மடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு மாரி.

உங்களை ரெஜான் தோற்கடிக்கவில்லை. உங்களுக்கு ஓடத் தெரியாமலும் இல்லை. ஏழு தரமும் உங்களை விழுத்தியது நான். விழுத்திவிட்டுக் கோவிலில் சிரித்ததும் நான்.

பந்தய நாள் வந்தது. குகன் கையில் போனோடு நின்றான், விளம்பரத்தை அனுப்ப ஒரு விரல் தூரம். மதுரா வண்டியில் ஏறினாள். என் பையில் ஒரு பழம் இருந்தது. வைத்தால் வண்டி போய்விடும். வைக்காமல் பிள்ளையை எப்படி விடுகிறது? என் கை தானாகப் பைக்குள் போனது.

"அப்பம்மா!" தலைக்கவசத்துக்குள் இருந்து கத்தினாள். "கையை வெளியிலை எடுங்கோ!"

"ஒண்டே ஒண்டு, பிள்ளை. சின்னன்."

"அப்பிடி வைக்கத்தான் வேணுமெண்டா ரெஜான்ரை வண்டிக்கு வையுங்கோ."

"சீ, அது களவு!"

"அப்ப அப்பப்பாவுக்கு வைச்சது?"

பழத்தை எடுத்து அவளுடைய தலையை மூன்று தரம் சுற்றினேன். தள்ளிப் போய் ஐசில் வைத்து, என் சப்பாத்தாலேயே ஓங்கி மிதித்தேன். அது நசியுமா? கல்லல்லவா. கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் ஐசில் விழுந்து இருந்த அதே நேரம் ரெஜானின் மனைவி சிவப்புத் துவாயை விழுத்தினாள்.

இருந்த இடத்தில் இருந்துதான் பார்த்தேன். மதுரா பின்னுக்குச் சரிந்து, மெல்ல அமத்தினாள். ஆணி ஐசைக் கடித்த கிறீச்சென்ற சத்தம் நான் இருந்த ஐஸ் வழியாகவே கேட்டது. வெள்ளைத் தூள் எழும்பியது. நடுவில் ரெஜான் எட்டிப் பிடித்தான். இரண்டு வண்டியும் ஒன்றாகத்தான் போனமாதிரி. முடிவில் நின்ற சனம் "மதுரா!" என்று கத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு சறுக்குக் கட்டை நீளத்தால் வென்றாள். பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றி வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். உங்களுக்குத் தெரிந்ததா?

குகன் விளம்பரத்தை அழித்தான். "அடுத்த மாரிக்கும் நான்தான் சுரண்ட வேணும்" என்று முணுமுணுத்தான். ஆனால் அவனுடைய கண் கலங்கியிருந்தது. குளிரென்று சொன்னான்.

என்னைத் தூக்கிவிட முதல் ஓடி வந்தது தோற்ற ரெஜான்தான். என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் நெடுக ஏதோ சொன்னான். மதுரா கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய முகம் மாறியது.

"என்னவாம்?"

"அப்பப்பாவுக்குத் தெரியுமாம், அப்பம்மா."

"என்ன தெரியும்?"

"தேசிக்காய். ரெண்டாம் வருசமே ரெஜான் கண்டவராம். பட்டிக்குக் கீழை கிடக்கு, எடு எண்டு காட்டினவராம். அப்பப்பா எடுக்க மாட்டனெண்டவராம். 'நான் வெல்லவோ அவ வைச்சவ? நான் திரும்பி வரத்தானே வைச்சவ. ஒவ்வொரு முறையும் முழுசாய்த் திரும்பி வந்திட்டன். அப்ப பழம் வேலை செய்யுது'... அப்பிடிச் சொன்னவராம்."

எனக்கு மறுபடி ஐசிலேயே இருக்க வேண்டும் போல் இருந்தது.

தெரிந்துகொண்டா அந்தச் சிரிப்புச் சிரித்தீர்கள்? தம்பி "பின்சில்லு" என்றபோதும், கோவிலில் பெண்கள் வாய் பொத்தியபோதும், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "நீதானடி காரணம்" என்று ஒரே ஒரு தரம் என்னை ஏசியிருக்கக் கூடாதா? இனி யாரோடு நான் இதற்குச் சண்டை பிடிக்கிறது?

இதோ என்னுடைய வாக்கு. யார் யாருக்கு முன்னால் உங்களைப் பகிடி பண்ணினேனோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் என் வாயாலேயே உண்மையைச் சொல்லுவேன். தம்பிக்கு நேற்று எடுத்தேன். "அத்தான் எண்டா அத்தான்தான்" என்றான் அவன். கோவிலில் வெள்ளிக்கிழமை சொல்லுவேன். கலியாண வீட்டுக்காரரின் முகவரி தேடுகிறேன். மிச்சப் பேர் இதை வாசிக்கட்டும். என்னுடைய மனுசன் திறமாக ஓடினவர். அவருடைய பட்டிக்குக் கீழே நான் இருந்தேன்.

ஏழு தரமும் உங்களைத் தோற்கடித்த ஒரே ஆள்,
உங்கள் மனுசி,
பவளம்
செயின்ட்-மிஷேல், மொன்றியல்