கடைசிப் பத்து நிமிடம்

தோர்ன்பெக்,
செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணன் ஜோயலுக்கு,

உன் தங்கை ஹெட்டி எழுதுகிறேன். கடல் தாண்டி அந்தத் திராட்சைத் தோட்டத்தில் இரவில் தூங்குகிறாயா, தலைவலி விட்டு விட்டு வருகிறதா அல்லது நின்றே விட்டதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காகிதத்தில் எழுத இரண்டு காரணம் உண்டு. திரை வெளிச்சம் உன் கண்ணுக்கு ஆகாது. என் போனில் யாரிடம் பேசினேன் என்று அப்பா தினமும் பார்க்கிறார், ஒன்பது மணிக்கு மேல் அது அவருடைய அலமாரிக்கே போய்விடுகிறது. குளியலறையைத் தாழிட்டுவிட்டு அழுக்குத் துணிக்கூடையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். உனக்காகப் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே, நடுவில் கண்ணை மூடிக்கொள்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழுதுகொண்டே "வீட்டுக்கு வா அண்ணா, ஒரே ஒரு ஆட்டம் ஆடு" என்று கேட்கும் வீடியோவை நீ பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றாலும் யாராவது காட்டிவிடுவார்கள். அதில் இருப்பது நான்தான், அழுகையும் என்னுடையதுதான். ஆனால் நீ வராதே.

நம் கிளப்பின் நிலைமை உனக்குத் தெரியும். நீ போனபின் அது இன்னும் இறுகிவிட்டது. எத்தனை பேர் மைதானத்துக்கு வருகிறார்கள், எத்தனை பேர் நம் வீடியோக்களைப் பார்க்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் லீக் நிர்வாகத்தார் மதிப்பெண் போடுகிறார்கள். பத்து ஆட்டம் ஜெயித்தும் மேல் பிரிவில் இருக்க இன்னும் கொஞ்சம் மதிப்பெண் குறைகிறது. இருபத்தெட்டாம் தேதி கடைசி ஆட்டத்தில் மைதானம் நிரம்பினால் தப்பிப்போம் என்று அப்பா சொல்கிறார். நிரம்பாவிட்டால் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவு. தொலைக்காட்சிப் பணம் வராது. விளம்பரப் பலகைக்கு ஆள் பிடிக்கும் அப்பாவின் வேலையும் இருக்காது. இப்போதே அப்பா தெருவில் வந்தால், விளம்பரம் கேட்பாரோ என்று கறிக்கடைக்காரர் குனிந்து எதையோ தேடுவதுபோல மேடைக்குக் கீழே போய்விடுகிறாராம்.

பிப்ரவரியில் லண்டனிலிருந்து பிரியோனி என்று ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். புதுக் கூட்டத்தை இழுப்பதுதான் அவருடைய வேலை. வந்த முதல் நாள் பதின்மூன்று பேர் ஆடும் நம் ரக்பியையும் பதினைந்து பேர் ஆடும் இன்னொரு ரக்பியையும் குழப்பிக்கொண்டாராம். டிக்கெட் ஜன்னலில் இருக்கும் கிழவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர் கெட்டிக்காரர். சிறுமிகளுக்கு இலவசப் பயிற்சி வைத்தார். குழந்தை வண்டியோடு வருகிறவர்களுக்குச் சாய்வுப் பாதை போடச் செய்தார். வீரர்கள் உள்ளே வரும்போது இரண்டு பக்கமும் நெருப்பு பீய்ச்ச வைத்தார். "நெருப்பெல்லாம் விடுறாங்க, டீ மட்டும் ஆறிப்போய்க் கெடக்கு" என்று மைதானத்தின் வடக்குப் படியில் நின்று ஆட்டம் பார்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் கூட்டம் கூடியது. எனக்கும் அவரை மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் அவர் கேட்டபோது மாட்டேன் என்று சொல்லவில்லை.

காலியான படிகளில் என்னை உட்காரவைத்து எடுத்தார். மூன்று முறை சரியாக வரவில்லை. நாலாவது முறை, நீ தலையில் அடிபட்ட அந்த அரையிறுதி முடிந்து காரில் வரும்போது நீ இன்று என்ன கிழமை என்று என்னிடம் மூன்று தரம் கேட்டது ஞாபகம் வந்துவிட்டது. உடனே அழுகை வந்தது. துடைக்கப் போனேன். "தொடைக்காத செல்லம், அப்படியே இருக்கட்டும்" என்று பிரியோனி சொன்னார். எதற்காக அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார், அவரும் கேட்கவில்லை.

அதைப் பதினெட்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பள்ளியில் டெஸ்ஸா, "நீ அழுததுக்குப் பதினெட்டு லட்சம்டி. எங்க நாய் தும்மினதுக்கு நாப்பது பேருதான் வந்தாங்க" என்றாள். உன் எண் போட்ட சட்டை தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள். மோரீனின் மீன் வறுவல், சிப்ஸ் கடைக்குப் போனால் வரிசையில் நிற்கும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "உங்கண்ணன் வர்றானாமே, கண்ணு. முட்டி சரியாயிடுச்சா?" என்று மோரீன் கேட்டார். "ஆயிடுச்சு" என்றேன். பெரிய மீன் துண்டாக எடுத்து வைத்துவிட்டு, "காசு வேணாம், போ. அவன் ஓடுறதப் பாத்தாலே போதும்" என்றார். வாசலில் நின்று ஒரு வாய் கடித்தேன், மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முட்டிக் காயத்தால்தான் நீ ஆட்டத்தை விட்டாய் என்று ஊர் நினைக்கிறது. தலை விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன்.

நேற்று இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று, இயல்பாகப் பேசுவதுபோல, "ஹெட்டி, நீ அவனுக்குச் சொல்லிக் குடுப்பியே, அந்த வார்த்தைப் பட்டியலு, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன். "எந்தப் பட்டியல்?" என்றேன். "நடிக்காத. டாக்டர் மறுபடி சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எறக்குவாரு. எடுத்து வை, அவ்ளோதான்" என்றார். பிறகு என் தலையில் கை வைத்தார். "பத்து நிமிஷம்தான் கண்ணு. கடைசிப் பத்து நிமிஷம். மோத வேணாம், ஓட வேணாம், ஓரமா நின்னா போதும். ஜனம் அவன் முகத்தப் பாக்கணும், அவ்ளோதான்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சமையலறையில் உன்னிடம் பத்து வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லித் திருப்பிக் கேட்டபோது, அவர் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணா, அந்த வேலையைச் செய்தது நான்தானே. தலையில் அடிபட்டவர்களிடம் டாக்டர் சொல்லித் திருப்பிக் கேட்கும் வார்த்தைப் பட்டியல்கள் ஆறையும் உனக்கு மனப்பாடம் ஆக்கியது நான். எண்களைப் பின்னாலிருந்து சொல்லப் பழக்கியது நான். சீசன் தொடங்கும்போது வைக்கிற முதல் சோதனையில் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டு வந்து, "மக்கு மாதிரி நடிக்கிறதுதான் கஷ்டம், ஹெட்டி" என்று நீ சிரித்தாய். அப்படிச் செய்தால்தான் தலையில் அடிபட்ட பிறகு வைக்கும் சோதனையில் குறைவாக வந்தாலும் வித்தியாசம் தெரியாது என்றாய். டீமில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னாய். எனக்கு அப்போது பதினொரு வயது. அதை ஒரு விளையாட்டாகத்தான் நினைத்தேன். நீ ஒவ்வொரு முறை தேறி உள்ளே போனபோதும் பெருமையாக இருந்தது. மூன்று முறை தேறினாய். மூன்றாவது முறைதான் அந்த அரையிறுதி.

அம்மாவிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, காலையில் கண்ணே திறப்பதில்லை. "அண்ணன் வரலன்னு சொல்லிட்டா என்னம்மா ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். "இந்த வீட்ல உங்கப்பாகிட்ட வேணாம்னு சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கு? போய்ப் படி" என்றார். டாக்டரிடம் போகலாம். போனால் முதல் கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான். பிரியோனியிடம் சொல்லலாம். சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் அப்பாவைப் பிடித்துக்கொள்வார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம் சுவரொட்டியில் அழுதுகொண்டிருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டிவிட்டார்கள்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதே. தினமும் வேலை முடிந்து வந்தபின் விளக்கை அணைத்துவிட்டுக் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருப்பார். உள்ளே வரும்போது மட்டும் சீட்டி அடித்துக்கொண்டு வருவார்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.

வியாழன் இரவு

தபாலில் போடவில்லை. போட்டாலும் பயனில்லை. நேற்று நீ அப்பாவிடம் போனில் "பாக்கலாம்" என்று சொன்னாயாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அப்பா வீடு முழுக்க நடந்தார். "பாக்கலாம்னா வர்றேன்னு அர்த்தம். எம்புள்ளைய எனக்குத் தெரியாதா" என்றார். கிளப் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டது. நாளை விடியற்காலையில் கிளம்பி, உன்னைக் கையோடு அழைத்துவர அவரே அங்கே வருகிறார். என் கடிதம் வந்து சேர்வதற்குள் அவர் உன் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

அப்பா எதிரில் உட்கார்ந்தால் உன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. என்னாலும் முடிந்ததில்லை.

இன்று மாலை கொல்லைக் கொட்டகையிலிருந்து உன் பழைய பூட்ஸை எடுத்துவந்தார். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, பழைய சேற்றைக் கத்தியால் சுரண்டினார். மெழுகு போட்டுத் தேய்த்தார். புது நாடா கோத்தார். இதற்கே ஒரு மணி நேரம் ஆனது. பிறகு, "இதக் கொண்டுபோயி அவன் முன்னால வச்சாப் போதும். நான் வாயே தெறக்க வேணாம்" என்றார். என்னிடம்தான் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் பட்டியல் கிடைக்கவில்லை என்றேன். "பரவாயில்ல, உனக்கு மனப்பாடந்தானே, போன்ல சொல்லு" என்றார். மனப்பாடம்தான் அண்ணா. மறக்க எவ்வளவோ முயன்றேன்.

பூட்ஸ் இப்போது அவருடைய பையில் இருக்கிறது. பை நடையில் இருக்கிறது. அவர் குறட்டை விடுகிறார். இதை எழுதி முடித்ததும் சிறியதாக மடித்து, வலது பூட்ஸின் நுனிவரை தள்ளிவிடப் போகிறேன். விமான நிலையத்தில் கொட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்வேன். அவரே இன்னொரு தரம் உள்ளே கைவிட்டுத் துடைத்தாலும் மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன், அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை.

அவர் பூட்ஸை நீட்டும்போது நீ சும்மா ஒரு தரம் போட்டுப் பார்ப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். விரலில் ஏதோ தட்டும். அப்பா பார்க்காதபோது எடு.

மைதானம் நிரம்பாமல் போகட்டும். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்னைத் திட்டட்டும். கீழ்ப் பிரிவிலும் பந்து இதே பந்துதான். நாங்கள் எப்படியாவது இருந்துகொள்வோம். "நீ யார்" என்று என்னைக் கேட்காத அண்ணன்தான் எனக்கு வேண்டும்.

இந்த வரியை நீ படிக்கிறாய் என்றால் கால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்துவிடு, அண்ணா. அப்பா கேட்டால் அளவு சரியில்லை என்று சொல். நான் எழுதினேன் என்றும் சொல்லலாம், பரவாயில்லை.

உன்னையே நம்பியிருக்கும் தங்கை,
ஹெட்டி